கருமத்தம்பட்டியில் எழுந்த இரண்டு கேள்விகள்

கோவையை அடுத்த துடியலூரில் பழைய ஆட்களிடம் கிறிஸ்தவம் இந்தப் பக்கம் எப்போது வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல வந்ததுங்க." சொல்பவர் வேதக்காரராக இருந்தாலும் பதில் அதிகம் மாறுவதில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் கண்ணில் படும் சபைப் பெயர்ப்பலகைகளையும், நகருக்குள் மிஷன் காம்பவுண்டுகளில் நிற்கும் உயரமான கோபுரங்களையும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு.

ஆனால் கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது 1799இல், திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த பிறகு. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே சத்தியமங்கலத்திலும் கருமத்தம்பட்டியிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. மதுரை நாயக்கர் ஆட்சியிலும் மைசூர் உடையார் ஆட்சியிலும், எந்த ஐரோப்பிய அரசின் படையும் எட்டிப் பார்க்காத உள்நாட்டில் வேர் பிடித்த சமயம் இது. "வெள்ளைக்காரன் கொண்டு வந்தது" என்ற வாக்கியம் அந்த மக்களைக் கதையிலிருந்தே துடைத்துவிடுகிறது. வந்தவர்களின் பெயர்களை மட்டும் நினைவில் வைத்து, ஏற்றுக்கொண்டவர்களை மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த மறதியைப் பற்றியது. அதோடு, கருமத்தம்பட்டியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை போன ஒரு மனிதரையும், அவர் இங்கே விட்டுச்சென்ற இரண்டு கேள்விகளையும் பற்றியது.

தொடக்கத்தை இன்னும் பின்னே தள்ள ஆசைப்படுபவர்கள் உண்டு. கோவைக்குத் தெற்கே வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் அவற்றில் மிகுதி. இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது ரோமில் ஆட்சியில் இருந்தவர் இந்தத் திபேரியஸ்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டுத் துறைமுகங்களிலிருந்து கொங்கின் மணிக்கற்களுக்கும் இரும்புக்கும் ஈடாக வந்த பணம் அது. தோமா மேற்குக் கரையில் இறங்கினார் என்ற மரபும் அதே நூற்றாண்டைச் சுட்டுவதால், அதே வழியில் சமயமும் வந்திருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றும். ஆனால் காசு வணிகத்துக்குத்தான் சான்று, நம்பிக்கைக்குச் சான்றாகாது. அந்த ஆசையைத் தள்ளிவைப்பதே நேர்மை.

ஆவணங்களில் முதலில் தெரிவது ஒரு தேடல். நீலகிரி மலைக்குள் எங்கோ மறைந்துபோன கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று வாழ்கிறது என்று 1600களின் தொடக்கத்தில் மலபாரில் பேச்சு இருந்தது. அதை நம்பி இயேசு சபைக் குரு யாக்கோபோ பெனிசியோ 1603இல் மலையேறினார். அங்கே அவர் கண்டது தொதவர்களையும் படகர்களையும். கிறிஸ்தவர் யாரும் இல்லை. தொலைந்த சகோதரர்களைத் தேடிப் போனவர், தொதவரைப் பற்றிய முதல் ஐரோப்பியக் குறிப்பை எழுதி வைத்தார்.

உண்மையான தொடக்கம் அதற்குச் சிறிது காலம் கழித்து. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்து சமயம் பேசினார். அவருடைய முறை சரியா தவறா என்று கோவாவிலும் ரோமிலும் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அதற்கு அனுமதி அளித்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். சேந்தமங்கலமும் சேலமும் அவர் தங்கிப் பணி செய்த இடங்கள். சேந்தமங்கலத்து ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த, ஆட்சியை இழந்திருந்த ஒருவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். கொங்கின் வாசலில் நடந்த நிகழ்ச்சி அது.

அடுத்த கட்டம் வேறு விதமானது. உயர்குலத்தாரை மட்டும் அணுகும் சந்நியாசிகளால் பெருந்திரளான மக்களைத் தொட முடியாது என்பது விரைவிலேயே புரிந்துவிட்டது. 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரம் வேடம் பூண்டார். சைவப் பண்டாரங்களைப் போல எல்லாச் சாதியினரிடமும் பழகக்கூடிய 'பண்டாரசாமிகள்' மதுரை மிஷனில் பெருகினர். சத்தியமங்கலம், தாராபுரம், கரூர்ப் பக்கத்து ஊர்களில் அவர்கள் நடந்தே போனார்கள். 1640களின் பிற்பகுதியில் லியோனார்தோ சின்னாமி தொடங்கிய மைசூர் மிஷனோடும் சத்தியமங்கலம் இணைந்தது. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தின் வரலாறும் அந்தப் பத்தாண்டிலிருந்துதான் சொல்லப்படுகிறது. இன்று அது பசிலிக்கா.

ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் உண்டு. இத்தனை பெரிய நிலப்பரப்பில் ஒரு காலத்தில் இரண்டு மூன்று குருக்களே இருந்தனர். ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை சாமியார் வந்தாலே அதிகம். அப்படியானால் மீதி நாள்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் யார்? சாகக் கிடந்தவர் அருகில் உட்கார்ந்தவர் யார்? பிறந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர் யார்? உபதேசியார்கள். உள்ளூர் மனிதர்கள். நெசவாளியாகவோ குடியானவனாகவோ பண்ணையாளாகவோ வாழ்ந்துகொண்டே மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஆண்டுக் கடிதங்களில் குருக்கள் இவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். பல இடங்களில் பெயர் இல்லாமல். கொங்குக் கிறிஸ்தவத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்களே என்று துணிந்து சொல்வேன்.

இந்த மக்கள் கிறிஸ்தவர்களானபோது எதையெல்லாம் விட்டார்கள், எதையெல்லாம் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் அடுத்த நூறாண்டுச் சண்டை. புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் தடை செய்யப்பட்டவற்றைப் படித்தால் அந்தக் காலத்து வீடுகளுக்குள்ளேயே நுழைந்தது போல இருக்கும். திருமுழுக்கில் குரு தம் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பது ரோமைச் சடங்கு. எச்சில் தீட்டு என்று வளர்ந்த மக்கள் அருவருத்ததால் மிஷனரிகள் அதை விட்டுவிட்டிருந்தனர். அப்படி விடக் கூடாது என்றார் தூதர். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் பூப்பெய்தியதைச் சடங்கு வைத்துக் கொண்டாடக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில் திருவிழாவில் வாசிக்கக் கூடாது. நெற்றியில் திருநீறு கூடாது. இவற்றோடு ஒன்று: பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் குரு அங்கே போகாமல் நோயாளியைக் கோயிலுக்குத் தூக்கிவரச் சொல்லும் வழக்கம் கூடாது.

எச்சிலையும் தேங்காயையும் இந்தக் கடைசி விதியோடு ஒரே பட்டியலில் வைத்ததே பெரிய பிழை என்று நினைக்கிறேன். தாலியும் தேங்காயும் பண்பாடு. அவற்றில் மிஷனரிகள் விட்டுக்கொடுத்தது அறிவு. சாகும் மனிதனின் குடிசைக்குள் கால் வைக்க மறுத்தது பண்பாடு அல்ல. ஆனால் 'மலபார்ச் சடங்குகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டும் சேர்ந்தே வாதிக்கப்பட்டன. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் கடைசித் தீர்ப்பு வழங்கினார். பெரும்பாலான தடைகள் உறுதியாயின. இங்கே பணி செய்ய வரும் ஒவ்வொரு குருவும் அந்த ஆணையைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. சத்தியம் செய்தார்கள். கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்ற ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

1773இல் இயேசு சபையையே ரோம் கலைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் வேதபோதகச் சபையினர் இந்த மிஷனைப் பொறுப்பேற்றனர். நடுவில் கொங்கின் கிறிஸ்தவ ஊர்கள் ஐதர், திப்பு காலத்துப் போர்களின் பாதையில் கிடந்தன. அவற்றை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. 1799க்குப் பிறகு மைசூர்ப் பகுதியில் சிதறிய மந்தையைத் திரட்ட வந்தவர் அபே துபுவா. இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 30 ஆண்டுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்துவிட்டு 1823இல் பிரான்சுக்குத் திரும்பியவர், இந்தியாவில் கிறிஸ்தவம் இனிப் பரவ வழியே இல்லை என்று எழுதினார். அவர் திரும்பியதற்கு 19 ஆண்டுகள் கழித்து, அதே சபையிலிருந்து, அதே பிரச்சினையைத் தலைகீழாகப் பார்த்த ஒருவர் வந்து இறங்கினார்.

மெல்க்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1813இல் தென்பிரான்சில் காஸ்தெல்னோதரி ஊரில் பிறந்தவர். 1842இல் புதுச்சேரி வந்து, தமிழ் கற்கச் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு புதுச்சேரிக் குருமடத்தின் தலைவரானார். உள்ளூர் இளைஞர்களைக் குருக்களாக்கும் வேலை அவருக்குப் பிடித்துப்போனது மட்டுமல்ல, அதுவே அவருடைய வாழ்க்கைக் கொள்கையாகவும் ஆனது. 1844இல் புதுச்சேரியில் கூடிய மறைமாநிலச் சங்கத்திலும் உள்ளூர்க் குருக்கள் பற்றிய விஷயம் முதன்மையாகப் பேசப்பட்டது. 1845இல் கோவை தனி மறைப்பகுதியாகப் பிரிக்கப்பட, பிரெசியாக்கை அதன் பொறுப்பாளராக்கினார்கள்.

1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, கருமத்தம்பட்டி ஆலயத்தில் அவருக்கு ஆயர் திருநிலைப்பாடு நடந்தது. புதுச்சேரி ஆயர் போனான் தலைமை தாங்கினார். அக்டோபர் முதல் ஞாயிறு ஜெபமாலை அன்னையின் திருநாள். ஊரே கூடும் நாள். தேர் இழுக்கவும் நேர்ச்சை செலுத்தவும் வந்த கூட்டத்துக்கு நடுவே கொங்கு நாட்டின் முதல் ஆயர் பிறந்தார். கோவை நகரில் பெரியகடை வீதியில் இன்று நிற்கும் புனித மிக்கேல் பேராலயத்தின் வேலையைத் தொடங்கியவரும் அவர்தான். 1850இல் கோவை முழு மறைப்பகுதி ஆனது. 1886இல் மறைமாவட்டம் ஆனது.

பிரெசியாக் கேட்ட முதல் கேள்வி எளிமையானது. இங்கே 200 ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஏன் இன்னும் இந்த மண்ணில் பிறந்த ஓர் ஆயர் இல்லை? உள்ளூர்க் குருக்கள் ஏன் ஐரோப்பியக் குருக்களுக்கு எப்போதும் கீழேயே வைக்கப்படுகிறார்கள்? துபுவா தோல்விக்குக் காரணத்தை மக்களிடம் தேடினார். பிரெசியாக் அதை மிஷனரிகளிடம் தேடினார். திருச்சபை ஒரு நாட்டில் நிலைக்க வேண்டுமானால் அந்நாட்டார் கையில் அது ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். இதை அவர் சொன்னது 1857 கிளர்ச்சிக்குப் பத்தாண்டு முன்பு. காங்கிரஸ் பிறப்பதற்கு 40 ஆண்டு முன்பு. அவர் கீழிருந்த ஐரோப்பியக் குருக்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது கேள்வி சாதி. இங்கே அவரை உள்ளபடி பார்க்க வேண்டும். பிரெசியாக் சாதி ஒழிப்புப் போராளி அல்லர். சில வழக்கங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கருதியவர்தான். அவரை வாட்டியது வேறு: 1744 ஆணையைக் கடைப்பிடிப்பதாக ஒவ்வொரு குருவும் சத்தியம் செய்கிறார், கோயிலுக்குள் நடப்பதோ வேறு. இது சரியென்றால் ஆணையை மாற்றுங்கள். தவறென்றால் வழக்கத்தை மாற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆயர் எப்படி மனச்சான்றோடு இருக்க முடியும்? ரோமுக்கு எழுதினார். தெளிவான பதில் வரவில்லை. உடன் குருக்கள் ஒத்துப்போகவில்லை. 1854இல் நேரில் ரோமுக்குப் போனார். 1855இல் பதவி விலகல் ஏற்கப்பட்டது. கோவைக்கு அவர் திரும்பவே இல்லை.

வெற்றி பெற்ற ஆயர்களைப் பற்றி எழுதுவது எளிது. தோற்று வெளியேறிய ஒருவரைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், அவர் எழுப்பியவைதான் உண்மையான கேள்விகள் என்பதே.

கதை அங்கே முடியவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரின் பூர்வியேர் குன்றில் உள்ள மாதா கோயிலில் சில தோழர்களோடு ஆப்பிரிக்க வேதபோதகச் சபையைத் தொடங்கினார் பிரெசியாக். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதை அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்றாக வைத்தார். கோவையில் செய்ய முடியாமல் போனதை ஆப்பிரிக்காவில் தொடக்கத்திலிருந்தே செய்ய விரும்பினார் என்று இதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமேக்குப் போக விரும்பியவரை ரோம் சியரா லியோனுக்கு அனுப்பியது. விடுதலை பெற்ற அடிமைகள் குடியேறிய ஃப்ரீடவுனில் 1859 மே மாதம் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல். அவருடைய தோழர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். ஜூன் 25 அன்று அவரும் இறந்தார். இறங்கி ஆறு வாரந்தான் ஆகியிருந்தது, வயது 45.

சபை அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. லியோனில் இருந்த அகஸ்தன் பிளாங் அதை எடுத்து நடத்தினார். 1861இல் தகோமே, பிறகு லாகோஸ், 1880இல் தங்கக் கடற்கரையின் எல்மினா. இன்றைய பெனின், நைஜீரியா, கானா நாடுகளின் கத்தோலிக்கச் சபைகள் பல இந்த வேரிலிருந்து வந்தவை. இன்று அந்தச் சபையில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் குருக்களாக இருக்கின்றனர். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் பிரெசியாக்கை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

உலகக் கணக்கை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில், 1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவில் வாழ்ந்தனர். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் 1.4 விழுக்காட்டினர் மட்டுமே. 2010இல் ஐரோப்பாவின் பங்கு சுமார் 26 விழுக்காடு. ஆப்பிரிக்காவின் பங்கு சுமார் 24. நூறாண்டில் ஒரு சமயத்தின் பாரம் ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றை நோக்கி நகர்ந்துவிட்டது. அந்த நகர்வை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க உபதேசியார்களும் ஆசிரியர்களும் பெண்களும். பிரெசியாக் கோவையில் சொன்னதும் அதுதானே.

கொங்கில் புராட்டஸ்டண்ட் சபைகளின் கதை பின்னால் தொடங்குகிறது. லண்டன் மிஷன் 1827இல் சேலத்திலும் 1830இல் கோவையிலும் கால் ஊன்றியது. கோவைக்கு வந்த டபிள்யூ. பி. ஆடிஸ் ஏறத்தாழ 30 ஆண்டு இங்கே உழைத்தார். பள்ளிக்கூடங்களே அவருடைய பெரிய கருவி. சாதியில் இவர்கள் எடுத்த நிலை கத்தோலிக்கரைவிடக் கண்டிப்பானது. 1850இல் சென்னை மிஷனரிகள் மாநாடு, சாதியை விடாதவர்களைச் சபையில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்த சோற்றைச் சேர்ந்து உட்கார்ந்து உண்பதே தேர்வு. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதில் சேரவில்லை. சாதி சமூக ஏற்பாடு, அதைக் காலம் கரைக்கட்டும் என்றது. ஒரு சபையில் சமபந்தி கட்டாயம். இன்னொன்றில் தனிப் பாய். எந்தச் சபையில் சேர்வது என்பதையே இந்த வேறுபாட்டை வைத்து முடிவு செய்தவர்கள் உண்டு.

ஈரோட்டில் ஜவுளி வாங்கப் போகிறவர்கள் பிரப் ரோட்டில் நடக்கிறார்கள். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த அந்தோனி வாட்சன் பிரப் ஆஸ்திரேலியர். லண்டன் மிஷனைச் சேர்ந்தவர். இந்திய சாராசெனிக் பாணியில் அங்கே நிற்கும் பிரப் நினைவாலயமும் அவர் பெயரால் வழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டுப் பக்கத்தில் கிராமம் கிராமமாகக் கிறிஸ்தவத்தில் சேர்ந்தவர்கள் அருந்ததியர். கமலையில் நீர் இறைக்கும் பறிக்குத் தோல் தைத்து, செருப்புத் தைத்து, பண்ணையத்தில் ஆளாக நின்று, கொங்கின் வேளாண்மையைத் தோளில் சுமந்த மக்கள். மிஷன் பள்ளி அவர்களுடைய பிள்ளைகளுக்குத் திறந்த முதல் பள்ளியாக இருந்த ஊர்கள் பல. சோற்றுக்கு மதம் மாறியவர்கள் என்று அன்று ஏளனம் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். தன் பிள்ளை ஒரு பலகையில் மற்றவர்களோடு உட்கார்ந்து எழுத்துப் படிக்க வேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டால் அதை ஏளனம் செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது?

ஈரோட்டில் பிரப்புக்குத் துணையாக இருந்த எச். ஏ. பாப்லி வேறு வகை மனிதர். கர்நாடக இசை கற்று, கதாகாலட்சேப முறையில் நற்செய்தி சொல்லும் வழியை வளர்த்தார். இந்திய இசை பற்றிய அவர் நூல் 1921இல் வந்தது. திருக்குறளில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931இல் வெளியிட்டார். தமிழ் கற்றுக்கொண்டு பேச வந்தவர், தமிழிடம் கற்றுக்கொண்டவராக மாறியதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

அந்த வழியின் உச்சி என்று நான் கருதுவது ஏ. ஜே. அப்பாசாமியை. 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்தவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் எழுதினார். ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவனோடு கலந்த அன்பை வைத்து யோவான் நற்செய்தியைப் படிக்கலாம் என்று காட்டியவர். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆயர் முறைச் சபையும் ஆயர் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றானதை உலகமே உற்று நோக்கியது. 1950இல் கோவைத் திருமண்டலம் பிறந்தபோது அதன் முதல் பேராயரானவர் அப்பாசாமி. விருந்தீஸ்வரர் கோயிலில் சுந்தரருக்கு ஈசன் விருந்து வைத்த கதையைக் கேட்டு வளரும் துடியலூர்க்காரனுக்கு, இறைவன் வேளாளனாக வேடமிட்டு அடியாருக்குச் சோறு போட்டான் என்று நம்பும் நிலத்துக்கு, பக்தி வழியாக ஏசுவைச் சொல்ல வந்த ஒருவர் எவ்வளவு பொருத்தமானவர் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய நூல்கள் ஆங்கிலத்தில் இறையியல் கல்லூரிகளில் படிக்கப்படுகின்றன. நம் ஊர்ப் பிரசங்க மேடைகளில் அவர் பெயர் கேட்பது அரிது.

பிரெசியாக்கின் முதல் கேள்விக்குப் பதில் மெல்ல வந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்திய ஆயராக வி. எஸ். அசரியா 1912இல் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றார். இலத்தீன் கத்தோலிக்கரில் திபூர்சியுஸ் ரோச் 1923இல் தூத்துக்குடி ஆயரானார். கோவையில் உபகாரசாமி 1940இல் ஆயரானார். மலபார்ச் சடங்குகள் குறித்த சத்தியத்தை ரோம் நீக்கியதும் 1940இல்தான். பிரெசியாக் விலகி 85 ஆண்டுகள் கடந்திருந்தன.

பிறகு வந்த மாற்றங்கள் வேகமானவை. மில்களும் பவுண்டரிகளும் பம்ப் தொழிலும் தென்மாவட்டத்தாரையும் கேரளத்தாரையும் கோவைக்கு இழுத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தோமா கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். 2010இல் சீரோ மலபார் சபைக்குக் கோவை ராமநாதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மறைமாவட்டமே உருவானது. பிரசங்கியார் டி. ஜி. எஸ். தினகரனின் முயற்சியால் 1986இல் சிறுவாணி சாலையில் காருண்யா கல்லூரி தொடங்கியது. பெந்தெகொஸ்தே சபைகள் கடைமாடிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் கூடுகின்றன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடு. கன்னியாகுமரியோடு ஒப்பிட்டால் கொங்கில் எண்ணிக்கை குறைவுதான். மரபுகளின் வகையோ மிக அதிகம்.

இரண்டாவது கேள்வி மட்டும் தீரவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர், முஸ்லிம் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் திருமுழுக்குச் சான்றிதழ் உள்ள அருந்ததியப் பிள்ளைக்கு எட்டாது. அவன் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நிற்க வேண்டும். ஞானஸ்நானம் வாங்கியதால் ஊரில் அவன் சாதி மாறவில்லை. சான்றிதழில் மட்டும் மாறியது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் தகுதி வழங்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடருக்கு அந்தத் தகுதி கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

அரசை நோக்கி இந்த நீதியைக் கேட்கும் திருச்சபைகள் தங்கள் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித் சமூகத்திலிருந்து அந்த நிலையை எட்டிய முதல் மனிதர். நொபிலி மதுரைக்கு வந்து 416 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரெசியாக்கைப் புனிதராக்கும் பணி நடக்கிறது, நல்லது. ஆனால் அவரைப் பதவியை விட்டு ஓட வைத்த பிரச்சினையைத் தீர்க்காமல் அவருக்குப் பீடம் எழுப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கொங்கின் பழைய பங்குகளிலும் சபைகளிலும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பீரோக்களில் இருக்கும் 19ஆம் நூற்றாண்டு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கரையான் தின்பதற்கு முன் படம் எடுத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். அவற்றில் உபதேசியார்களின் பெயர்கள் இருக்கும். முதல் தலைமுறை அருந்ததியக் குடும்பங்களின் பெயர்கள் இருக்கும். கொங்குக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை அந்தப் பெயர்களிலிருந்துதான் எழுத வேண்டும்.